கார உலோகங்களில் வீரியம் மிக்கது எது?

ஒரு மோல் லித்தியம் தண்ணீரோடு முழுவதுமாக வினைபுரிந்தால் ஏறத்தாழ 222 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. சீசியத்துக்கு அது 203 கிலோஜூல், பொட்டாசியத்துக்கு 196, சோடியத்துக்கு 184. எடைக்கு எடை பார்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. ஒரு கிராம் லித்தியம் தரும் வெப்பம், ஒரு கிராம் சீசியம் தருவதைப் போல 20 மடங்குக்கும் மேல். பள்ளியில் வேதியியல் படித்த எவரும் இந்த எண்களைப் பார்த்ததும் அச்சுப்பிழையோ என்று சந்தேகப்படுவார்கள். தொகுதியில் கீழே போகப் போகக் கார உலோகங்களின் வினைத்திறன் கூடும் என்றுதான் நாமெல்லாம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். கண்ணுக்குத் தெரிவதும் அதுவே. லித்தியம் தண்ணீரில் அமைதியாகக் குமிழிவிடுகிறது. சோடியம் உருகி உருண்டையாகி நீர்ப்பரப்பில் ஓடுகிறது. பொட்டாசியம் இளஊதாச் சுடரோடு எரிகிறது. சீசியம் தொட்ட மாத்திரத்தில் வெடிக்கிறது.

கண்ணும் கலோரிமீட்டரும் இப்படி மாறுபடுவது ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. விடை சுருக்கமானதுதான். எவ்வளவு ஆற்றல் வெளிவருகிறது, எவ்வளவு வேகமாக வெளிவருகிறது, எதனோடு வினைபுரிகிறது, எந்தச் சூழலில் புரிகிறது என்று நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. நான்குக்கும் ஒரே வரிசை விடையாகாது. பாடநூல் விதி பொய் இல்லை. அது ஒரு கேள்விக்கான விடை மட்டுமே.

முதலில் இந்த உலோகங்களை ஒன்றாகச் சேர்க்கும் பண்புகள். லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், பிரான்சியம் ஆகிய ஆறுக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். அதை விட்டுவிட்டால் உள்ளே இருப்பது மந்த வாயுவின் கட்டுக்கோப்பான அமைப்பு. ஆகவே அந்த ஒன்றை இழந்து ஒற்றை நேர்மின் அயனியாக மாறுவதே இவற்றின் பொது இயல்பு. லித்தியத்தில் 152 பிக்கோமீட்டராக இருக்கும் உலோக ஆரம் சீசியத்தில் 265 பிக்கோமீட்டராகிறது. வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து விலகிப்போக, அதைப் பிடுங்கத் தேவையான அயனியாக்கும் ஆற்றலும் மோலுக்கு 520 கிலோஜூலிலிருந்து 496, 419, 403, 376 என்று இறங்குகிறது.

அணுக்களை ஒட்டவைப்பதும் அந்த ஒற்றை எலக்ட்ரான்தான். அணு பெரிதாகும்போது பிணைப்பு தளர்கிறது. அதனால் இவை கத்தியால் வெட்டக்கூடிய அளவுக்கு மென்மையானவை. லித்தியம் உருக 180 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடியத்துக்கு 98, பொட்டாசியத்துக்கு 63, ருபீடியத்துக்கு 39. சீசியத்துக்கு 28.5 டிகிரியே போதும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி பகல் நேரத்தில் சீசியம் பொன்னிறத் திரவமாகத்தான் இருக்கும்.

அடர்த்தியில் ஒரு சறுக்கல் உண்டு. லித்தியம் 0.53, சோடியம் 0.97 என்று ஏறிவரும் எண் பொட்டாசியத்தில் 0.86 ஆகக் குறைந்து, பிறகு ருபீடியத்தில் 1.53க்குத் தாவுகிறது. சோடியத்திலிருந்து பொட்டாசியத்துக்கு வரும்போது அணுநிறை 1.7 மடங்கு கூடுகிறது. ஒரு மோல் உலோகம் அடைத்துக்கொள்ளும் இடமோ 1.9 மடங்கு கூடிவிடுகிறது. தொகுதிக்குள் எல்லாமே ஒரே சீராக மாறும் என்ற நம்பிக்கைக்கு இங்கேயே முதல் அடி விழுகிறது.

இவற்றைத் தனிமைப்படுத்திய வரலாறும் வினைத்திறனின் வரலாறுதான். 1807 அக்டோபரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி, லேசாக ஈரம் ஏறிய காஸ்டிக் பொட்டாஷில் மின்சாரம் செலுத்தினார். பாதரசம் போன்ற சிறு பொட்டாசிய மணிகள் மேலோட்டை உடைத்துக்கொண்டு வந்து தீப்பற்றின. அவர் ஆய்வகத்தில் துள்ளிக் குதித்ததை உறவினரும் உதவியாளருமான எட்மண்ட் டேவி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அடுத்த சில நாட்களிலேயே சோடியமும் கிடைத்தது. ஸ்வீடனில் 1817இல் ஆர்ஃப்வெட்சன் ஒரு கனிமத்தில் லித்தியத்தை அடையாளம் கண்டார். சீசியத்தையும் ருபீடியத்தையும் ஹைடல்பர்க்கில் புன்சனும் கிர்க்காஃபும் 1860, 1861 ஆண்டுகளில் நிறமாலைக் கோடுகளைக் கொண்டு கண்டறிந்தார்கள். 40 டன்னுக்கும் மேற்பட்ட கனிமநீரை வற்றவைத்துச் சில கிராம் உப்பே எடுக்க முடிந்தது. சீசியம் உலோகமாகக் கைக்கு வர 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் கார்ல் செட்டர்பெர்க்.

இனி தண்ணீருக்கு வருவோம். இந்தக் கேள்வியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

உலோகத் துண்டிலிருக்கும் ஓர் அணு நீரில் கரைந்த அயனியாக மாறுவதற்கு மூன்று படிகள் உண்டு. முதலில் அது பக்கத்து அணுக்களிடமிருந்து பிரிய வேண்டும். அடுத்து எலக்ட்ரானை இழக்க வேண்டும். இரண்டும் செலவுக் கணக்கு. கடைசியாக அந்த அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது நீரேற்ற ஆற்றல் வெளிவருகிறது, அது வரவு. லித்தியத்தில் பிரிக்க 159 கிலோஜூல், அயனியாக்க 520 என மொத்தச் செலவு 679. சீசியத்தில் 76ம் 376ம் சேர்ந்து 452தான். இதுவரை பாடநூல் சொல்வது சரி, செலவு கீழே போகப் போகக் குறைகிறது. ஆனால் லித்தியம் அயனி மிகச் சிறியது. அத்தனை சிறிய இடத்தில் அடைபட்ட நேர்மின்சுமை நீர் மூலக்கூறுகளை இறுக்கி இழுத்துக்கொள்கிறது. அதன் நீரேற்ற ஆற்றல் 519 கிலோஜூல். சீசியம் அயனிக்குக் கிடைப்பது அதில் ஏறத்தாழ பாதி. வரவைக் கழித்தால் லித்தியத்தின் நிகரச் செலவு 160 ஆக இறங்கிவிடுகிறது. சோடியத்துக்கு 107ம் 496ம் சேர்ந்த செலவிலிருந்து 406ஐக் கழிக்க மிஞ்சுவது 197. பொட்டாசியத்துக்கு 186.

சோடியம் இங்கே இரண்டுங்கெட்டான். லித்தியத்தைப் போல வரவு பெரிதாக இல்லை. பொட்டாசியத்தைப் போலச் செலவு சிறிதாகவும் இல்லை. நியம மின்முனை மின்னழுத்தமும் இதையே சொல்கிறது. லித்தியம் -3.04 வோல்ட், சோடியம் -2.71, பொட்டாசியம் -2.93. ருபீடியமும் சீசியமும் -3 வோல்ட்டுக்கு அருகில். நீர்க்கரைசலில் மிக வலிமையான ஒடுக்கி லித்தியம். மிக வலிமை குறைந்தது சோடியம். மேலிருந்து கீழ் என்றோ கீழிருந்து மேல் என்றோ நேர்க்கோடு எதையும் இங்கே வரைய முடியாது.

அப்படியானால் லித்தியம் ஏன் வெடிப்பதில்லை? வரவு பெரிதாக இருந்தாலும் செலவை முதலில் கட்ட வேண்டும். அந்த 679 கிலோஜூல் வினையின் வாசலில் உயரமான தடுப்பாக நிற்கிறது. சீசியத்துக்கு அந்தத் தடுப்பு தாழ்வானது. வினையின் வேகத்தைத் தீர்மானிப்பது இறுதி லாபம் அல்ல, இந்தத் தடுப்பின் உயரமே. அதோடு இயற்பியல் காரணங்களும் சேர்கின்றன. லித்தியத்தின் உருகுநிலை கொதிநீரின் வெப்பநிலையைவிட 80 டிகிரி அதிகம் என்பதால் தண்ணீரில் அது பெரும்பாலும் உருகாமல் திடமாகவே இருக்கிறது. வினையில் உருவாகும் லித்தியம் ஹைட்ராக்சைடு மற்ற ஹைட்ராக்சைடுகள் அளவுக்குக் கரைவதில்லை. மேற்பரப்பில் படிந்து அடுத்த வினையைத் தாமதப்படுத்துகிறது. சோடியமோ தன் வெப்பத்திலேயே உருகிப் புதுப்புதுப் பரப்பைக் காட்டிக்கொண்டே போகிறது. சீசியம் நீரைவிட அடர்த்தியானதால் உள்ளே மூழ்கி எல்லாப் பக்கமும் நீரால் சூழப்படுகிறது.

வெடிப்புக்குக் காரணம் வினையில் வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றுவதே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. உலோகமும் நீரும் தொட்ட உடனே உண்டாகும் நீராவியும் ஹைட்ரஜனும் இடையில் ஒரு மெத்தைபோல நின்று இரண்டையும் பிரித்துவிட வேண்டுமே, பிறகு வினை எப்படி இவ்வளவு வேகம் பிடிக்கிறது? செக் நாட்டின் பாவெல் யுங்விர்த், பிலிப் மேசன் குழுவினர் 2015இல் இதற்கு விடை தந்தார்கள். அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் சோடியம்-பொட்டாசியம் உலோகக் கலவையின் ஒரு சொட்டை நீரில் விட்டு, அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். தொட்ட ஒரு மில்லி விநாடி முடிவதற்குள் சொட்டின் பரப்பிலிருந்து உலோக முட்கள் நாலாபுறமும் பாய்ந்தன. எலக்ட்ரான்கள் நீருக்குள் ஓடிவிட, உலோகப் பரப்பில் நேர்மின் அயனிகள் மட்டும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒன்றையொன்று விலக்கும் அவற்றின் விசையைச் சொட்டின் பரப்பு இழுவிசையால் தாங்க முடிவதில்லை. சொட்டு சிதறுகிறது, புதிய பரப்பு பெருகுகிறது, அதற்குப் பிறகே வெப்பமும் நெருப்பும். இருநூறு ஆண்டுகளாக வகுப்பறைகளில் செய்துகாட்டப்பட்ட ஒரு வினையின் முதல் கணம் இவ்வளவு பிந்திப் புரிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அதே குழு 2021இல் இன்னொன்றையும் செய்தது. வெற்றிடக் கலத்தில் அதே கலவையின் சொட்டு மீது மிக மெல்லிய நீராவிப் படலத்தைப் படியவிட்டபோது, வெடிப்பு ஏதுமின்றிச் சில விநாடிகள் அந்த நீர் எலக்ட்ரான்களை உள்வாங்கிப் பொன்னிற உலோகமாக மின்னியது. சூழலை மாற்றினால் நடத்தையே மாறுகிறது.

நீரை விட்டுக் காற்றுக்கு வந்தால் வரிசை வேறுவிதமாகக் கலைகிறது. ஆக்சிஜனில் எரிந்தால் லித்தியம் சாதாரண ஆக்சைடையும், சோடியம் பெரும்பாலும் பெராக்சைடையும், பொட்டாசியமும் அதற்குக் கீழே இருப்பவையும் சூப்பர் ஆக்சைடையும் தருகின்றன. பெரிய எதிர்மின் அயனியை நிலையாக வைத்திருக்கப் பெரிய நேர்மின் அயனி வேண்டும் என்பதே காரணம். இந்த வேறுபாட்டில் உயிர்கள் தொங்கியிருக்கின்றன. மூச்சுக்காற்றின் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தரும் பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு சுரங்க மீட்புக் கருவிகளில் பயன்படுகிறது. எடை முக்கியமான விண்கலங்களில் லித்தியம் ஹைட்ராக்சைடு கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. 1970இல் அப்பல்லோ 13 வீரர்கள் அட்டையும் ஒட்டுநாடாவும் கொண்டு பொருத்திக்கொண்டது இந்த ஹைட்ராக்சைடு பெட்டிகளைத்தான்.

நைட்ரஜனிடமோ கதை தலைகீழ். சாதாரண வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு நேரடியாகச் சேர்வது இந்தக் குடும்பத்தில் லித்தியம் ஒன்றுதான். வெட்டிய பரப்பில் கருமை படர்வதற்கு அதன் நைட்ரைடும் ஒரு காரணம். மற்றவை நைட்ரஜனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஹைட்ரஜனோடு சேர்ந்து உருவாகும் ஹைட்ரைடுகளிலும் லித்தியத்துடையதே மிக நிலையானது. சூடாக்கினால் லித்தியம் கார்பனேட் சிதைந்து ஆக்சைடாகிறது. சோடியம் கார்பனேட் அசைவதில்லை. இந்தப் பண்புகளில் லித்தியம் தன் தொகுதியைவிடப் பக்கத்துத் தொகுதியின் மெக்னீசியத்தையே அதிகம் ஒத்திருக்கிறது. மிகச் சிறிய அயனி, எனவே மிகச் செறிவான மின்சுமை என்ற அதே காரணம்தான் இங்கும்.

வினைத்திறன் வரிசையை மனப்பாடம் செய்தவர்களை அதிகம் திகைக்க வைப்பது பொட்டாசியத் தயாரிப்பு. சோடியத்தை உருகிய உப்பிலிருந்து மின்னாற்பகுப்பால் எடுக்கிறார்கள். 1920களில் வந்த டவுன்ஸ் கலம் இன்றும் அடிப்படை முறை. சோடியம் குளோரைடு 801 டிகிரியில் உருகும். கால்சியம் குளோரைடு போன்ற உப்புகளைச் சேர்த்து அதை 600 டிகிரி அளவுக்கு இறக்குகிறார்கள். பொட்டாசியத்துக்கு இந்த முறை சரிவராது. அது உருகிய உப்பிலேயே கரைந்துவிடும், எளிதில் ஆவியாகும். அதனால் 850 டிகிரி அளவில் உருகிய பொட்டாசியம் குளோரைடில் சோடிய ஆவியைச் செலுத்துகிறார்கள். வீரியம் குறைந்ததாகச் சொல்லப்படும் சோடியம், வீரியம் கூடிய பொட்டாசியத்தை அதன் உப்பிலிருந்து வெளியேற்றுகிறது. பொட்டாசியம் எளிதாக ஆவியாகி வினைக்கலத்தை விட்டுப் போய்க்கொண்டே இருப்பதால் சமநிலை அந்தப் பக்கமே சாய்கிறது. தொழிற்சாலை நடப்பது வரிசைப்பட்டியலின்படி அல்ல, சமநிலையின்படி.

மின்கலத் தொழிலும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2019இல் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு பெற்றுத்தந்த லித்தியம் அயனி மின்கலத்தில், கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே லித்தியம் புகுந்து வெளிவருகிறது. பொட்டாசியமும் ருபீடியமும் சீசியமும்கூட கிராஃபைட்டில் புகும். சோடியம் மட்டும் சுலபத்தில் புகாது. அதனால் சோடியம் அயனி மின்கலங்களுக்கு ஒழுங்கற்ற அமைப்புள்ள கடினக் கார்பனை நாட வேண்டியிருக்கிறது. மறுபக்கம், அலுமினியத்தோடு லித்தியம் சேர்ந்து கலவையாகிவிடுவதால் எதிர்மின்முனையில் விலை கூடிய செம்புத் தகடு தேவை. சோடியம் அலுமினியத்தோடு சேர்வதில்லை. மலிவான அலுமினியத் தகடே போதும். கிராமுக்குச் சேமிக்கும் மின்னூட்டத்தில் லித்தியம் சோடியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் உப்பளமும் கடலும் இருக்கும் இடமெல்லாம் சோடியம் இருக்கிறது.

நீரே இல்லாத இடத்தில் சீசியம்தான் சந்தேகமின்றி முதலிடம். அதன் பரப்பிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்ற 2.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியே அதைச் செய்துவிடும். ஒளிமின்கலங்களில் சீசியம் இடம்பெற்றது இதனால்தான். சீசியத்துக்கும் கீழே இருக்கும் பிரான்சியம் இதையும் மிஞ்சும் என்று எழுதுகிறார்கள். பாரிஸில் மார்கரீத் பெரே 1939இல் கண்டுபிடித்த அந்தத் தனிமத்தின் நீடித்த ஐசோடோப்பின் அரை ஆயுளே 22 நிமிடம். கண்ணால் பார்க்கும் அளவுக்கு அதை யாரும் சேர்த்ததில்லை. ஆனால் அதன் அயனியாக்கும் ஆற்றல் அளக்கப்பட்டிருக்கிறது. அது 393 கிலோஜூல், சீசியத்தைவிட அதிகம். கனமான கருவின் அருகே எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தில் கணிசமான பங்கை எட்டுவதால் சார்பியல் விளைவு வெளி எலக்ட்ரானை உள்ளே இழுக்கிறது. பிரான்சியமே மிக வீரியமானது என்ற வரியைப் பாடக்குறிப்புகளிலிருந்து நீக்கிவிடலாம்.

எலக்ட்ரானைக் கொடுப்பதே இவற்றின் பிறவிக்குணம் என்பதற்கும் விலக்கு உண்டு. 1974இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் டையின் குழு, நேர்மின் சோடியம் அயனியைக் கூண்டு போன்ற ஒரு கரிம மூலக்கூறுக்குள் பூட்டி, இன்னொரு சோடியம் அணு எலக்ட்ரானை வாங்கி எதிர்மின் அயனியாக நிற்கும் பொன்னிறப் படிகத்தை உருவாக்கியது.

இந்த வேறுபாடுகளை அறியாவிட்டால் ஆபத்து. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மண்ணெண்ணெயில் வைப்போம்; லித்தியம் மண்ணெண்ணெயில் மிதக்கும் என்பதால் வாசலின் அல்லது மெழுகுப் பூச்சு வேண்டும். ருபீடியமும் சீசியமும் மந்த வாயு நிரப்பி மூடிய கண்ணாடிக் குப்பிகளில் மட்டுமே. பழைய பொட்டாசியத் துண்டு மஞ்சள் படிந்திருந்தால் கத்தி வைக்கவே கூடாது. அந்தப் படிவில் உள்ள சூப்பர் ஆக்சைடு எண்ணெயோடும் உலோகத்தோடும் கத்தியின் அழுத்தத்தில் வெடிக்கும். சோடியத்துக்கு இந்த அச்சம் இந்த அளவுக்கு இல்லை. தீப்பற்றிய சோடியத்தை உலர்ந்த மணலால் மூடலாம். லித்தியத் தீக்கு மணலும் உதவாது. அது மணலின் சிலிக்காவோடும் வினைபுரியும், கிராஃபைட் தூள் போன்றவை தேவை. தண்ணீரும் கரியமில வாயுவும் இரண்டுக்குமே ஆகாது.

கவனத்தோடு கையாண்டால் இதே சோடியத்தை டன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக் கல்பாக்கமே சான்று. அங்கு வேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபர் முதல் திரவ சோடியத்தைக் குளிர்விப்பானாகக் கொண்டிருக்கிறது. அருகில் எழுந்த 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கு 1,700 டன்னுக்கும் மேல் சோடியம் தேவை. 98 டிகிரியில் உருகி 883 டிகிரியில்தான் கொதிப்பதால் உயர் அழுத்தம் வேண்டாம். வெப்பத்தை நன்றாகக் கடத்துகிறது. நியூட்ரான்களின் வேகத்தைக் குறைப்பதில்லை. எஃகை அரிப்பதும் குறைவு. பொட்டாசியம் கலந்த கலவை அறை வெப்பத்திலேயே திரவமாக இருந்தாலும், சூப்பர் ஆக்சைடு ஆபத்தையும் கூடவே கொண்டுவரும். சோடியமும் சாது அல்ல. ஜப்பானின் மொஞ்சு உலையில் 1995 டிசம்பரில் சில நூறு கிலோ சோடியம் கசிந்து காற்றில் எரிந்ததில், அந்த உலை 2010 வரை மறுபடி இயங்கவில்லை.

வேதியியல் வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கார உலோகங்களில் எது வினைத்திறன் மிக்கது என்று வெறுமனே கேட்காதீர்கள். எதனோடு, எந்த ஊடகத்தில், அளப்பது வேகத்தையா ஆற்றலையா என்பதையும் கேள்வியிலேயே எழுதுங்கள். அப்படி எழுதாத தாளில் ஒரு மாணவி லித்தியம் என்று விடை எழுதியிருந்தால், மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் அவள் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்.